மோட்டார் வண்டியும் ஊருணியும்

ஒரு பொருளை வாங்க வல்லவன் எல்லாம் அதனை வைத்திருக்கத் தக்கவன் ஆவானா என்பது அறவியலில் பழைய வினா. நிலத்தைக் குறித்தும் பொன்னைக் குறித்தும் முன்னோர் இதனைக் கேட்டுள்ளனர். மோட்டார் வண்டியைக் குறித்து நம்மிடையே இதனைக் கேட்டோர் அரியர். கார் என்றதும் விலை, பெற்றோற் செலவு, நிறம் என்பவற்றோடு பேச்சு முடிந்துவிடுகின்றது.

நடுத்தர வருவாய் உடையோர் இன்று விரும்பும் கார் எதுவெனக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். விலை கைக்கு எட்ட வேண்டும். குடும்பம் முழுவதும் அமர வேண்டும். வேகத்திலும் வலுவிலும் பெரிய கார்களுக்குச் சளைக்கக் கூடாது. இம்மூன்று விருப்பங்களும் எளியவைபோலத் தோன்றினும், ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு வினாவை ஒளித்து வைத்திருக்கின்றது. எவருடைய கைக்கு எட்டும் விலை? குடும்பம் என்பது எதுவரை? வலு எதற்காக? மஸ்கெலியாவில் பிறந்து, அங்கேயே ஆசிரியத் தொழில் புரிந்து, கடன்பட்டு ஒரு காரையும் வாங்கிவிட்ட ஒருவன் இவ்வினாக்களைத் தன்னிடமே கேட்டுக்கொண்டதன் பயனே இக்கட்டுரை.

மஸ்கெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளது. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக வரும் வீதி, தேயிலை மலைகளின் இடுப்பை வளைந்து வளைந்து தழுவியபடி வருகின்றது. நேர்கோடாக அரை மைல் செல்லும் இடத்தைத் தேடித்தான் காண வேண்டும். இன்றைய நகரம் பழைய நகரமன்று. 1960 களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நீருள் அமிழ்ந்தது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளிப்படும். அவற்றைக் காண மக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிச் செல்வர். இவ்வூரில் வீதி என்பதும் உடைமை என்பதும் நிலையானவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

எம் முன்னோர் இம்மலைகளுக்குக் கால்நடையாக வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். புகையிரதம் 1884 இல் ஹட்டனை வந்தடைந்தது. அதன்பின் நெடுங்காலம் தோட்டத்தில் மோட்டார் வண்டி என்றால் அது துரையின் வண்டியே. துரையின் கார் வரும்போது வீதியோரம் ஒதுங்கி நிற்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், சைக்கிளில் வந்தவர் இறங்கிவிட வேண்டும் என்னும் வழக்கத்தை எனது தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவர் அதைக் கோபத்துடன் சொன்னதில்லை, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். கோபம் எனக்குத்தான் வந்தது. அக்கோபத்துக்கும் நான் பிற்காலத்தில் கார் வாங்கியதற்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

மலிவான குடும்பக் கார் என்னும் கருத்து இத்தீவில் வேரூன்றியது மொரிஸ் மைனராலேயே எனலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அவ்வண்டி 1948 இல் வெளிவந்தது. மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அதே 1948 இல்தான். சாதாரண மனிதனுக்கும் ஒரு கார் என்று உலகின் ஒரு மூலையில் எண்ணப்பட்ட ஆண்டில், இங்கே சாதாரண மனிதனுக்கு ஒரு நாடும் இல்லாமற் போயிற்று. இது தற்செயல்தான், எனினும் நினைவில் வைக்கத்தக்க தற்செயல். 1956 ஆம் ஆண்டின் மைனரில் இருந்த எந்திரம் 948 கன சென்றிமீற்றர். அதன் வலு 37 குதிரை. அவ்வளவைக் கொண்டே அது ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் வைத்தியர்களையும் தலைமுறை தலைமுறையாக மலையேற்றியது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காலத்தில் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே அவ்வண்டிகள் வாழ்ந்தன. 1977 இன் பின்னர் ஜப்பானிய வண்டிகள் பெருகின.

இன்றைய சிறிய ஜப்பானியக் கார் ஒன்றின் எந்திரம் 660 கன சென்றிமீற்றருக்கு மேற்படாது. ஆயினும் டர்போ பொருந்தியதாயின் 64 குதிரை வலுத் தரும். மைனரின் மூன்றில் இரண்டு பங்கு எந்திரம், ஒன்றே முக்கால் மடங்கு வலு! இத்தகைய வண்டியொன்றே நான் வாங்கியது. மலைநாட்டில் டர்போ வெறும் ஆடம்பரமன்று என்பதையும் இங்குக் கூற வேண்டும். நாலாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் பார்க்கப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகின்றது. காற்றுக் குறைந்தால் எரிதல் குறையும். சாதாரண எந்திரத்தின் வலுவும் அதே அளவிற் குறையும். டர்போவோ வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே காற்றை அமுக்கி உட்செலுத்துகின்றது. ஐவர் அமர்ந்த கார், மழையில், சாமிமலைப் பக்கத்து ஏற்றமொன்றில் நின்று மீண்டும் புறப்பட வேண்டியிருந்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் விற்பவர் இதனைச் சொல்லி விற்பதில்லை. நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை விநாடிகளில் எட்டும் என்பதைச் சொல்லியே விற்கின்றார். நோர்வூட் வீதியில் நூறு கிலோமீற்றர் வேகம் என்பது தற்கொலைக்கு மறுபெயர். வேகம் இரு மடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும் என்பது பாடசாலைப் பௌதிகம். நாற்பதில் வரும்போது தடுப்பு தாங்கும் பளுவைப்போல் நான்கு மடங்கை எண்பதில் தாங்க வேண்டும். மலைவீதியில் வண்டியின் மாண்பு அதன் ஏற்றத்தில் பாதி, நிறுத்தத்தில் பாதி. நுவரெலியாவில் 1930 களிலிருந்து ஏப்ரில் வசந்த காலத்தில் மஹகஸ்தொட்டத் தோட்டத்து வீதியில் மலையேற்றப் போட்டி நடைபெற்று வந்துள்ளது. கொழுந்து கூடைகள் சென்ற அதே வளைவுகளில் கார்கள் விநாடிக் கணக்கில் போட்டியிடும். அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. சிறுவனாக வேலியோரம் நின்று வாய்பிளந்து பார்த்தவன் நான். கென்யாவில் வாழ்ந்த ஜொகிந்தர் சிங், கிழக்காபிரிக்க சபாரிப் போட்டியில் 1965 இல் வொல்வோவிலும் 1974 இலும் 1976 இலும் மிற்சுபிசி லான்சரிலும் வென்றார். அந்த லான்சரின் உடன்பிறப்புகள் நம் வீதிகளில் குடும்பக் கார்களாக ஓடின என்பதில் எனக்கு இன்றும் ஒரு சிறுபிள்ளைப் பெருமை உண்டு. திறமையைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. அம்மகிழ்ச்சிக்காக எவ்வளவு கொடுக்கலாம், யாருடைய பங்கிலிருந்து கொடுக்கலாம் என்பதே வினா.

விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாவித்த சிறிய கார்களும் ஐம்பது இலட்சம் ரூபாவைத் தாண்டின. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பிந்தியதைக் கொண்டே கணக்கிட்டாலும், ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை செய்யும் ஒருவர் உண்ணாமல் உடுக்காமல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தாலே அக்கார் கைக்கு வரும். ‘மலிவான கார்’ என்னும் தொடரில் உள்ள ‘மலிவு’ எத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசப்படும் சொல் என்பதை இக்கணக்கு காட்டும்.

இவான் இலிச் 1974 இல் வெளியிட்ட ‘ஆற்றலும் சமத்துவமும்’ பற்றிய நூலில் ஒரு விந்தையான கணக்கைப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் காரைச் செலுத்துவதில் மட்டுமன்றி, அதற்கான பணத்தை உழைப்பதிலும் செலவிடும் நேரத்தைக் கூட்டினால் ஆண்டுக்கு 1,600 மணி வரும். ஓடிய தூரமோ 7,500 மைல். ஆகவே உண்மையான வேகம் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்றார் அவர். அதே கணக்கை மஸ்கெலியாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது இலட்ச ரூபாக் காரைப் பத்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, பெற்றோல், காப்புறுதி, டயர், பழுதுபார்த்தல் ஆகியவற்றையும் உத்தேசமாகச் சேர்த்து ஆண்டுச் செலவை ஒன்பது இலட்சம் என்று கொள்வோம். ஓடும் தூரம் பத்தாயிரம் கிலோமீற்றர்; மலைவீதியில் சராசரி வேகம் இருபத்தைந்து. 1,350 ரூபா நாட்கூலியின் மும்மடங்கை ஈட்டுபவர் அச்செலவுக்காக ஏறத்தாழ 1,780 மணி நேரம் உழைக்க வேண்டும். செலுத்துவதற்கு 400 மணி. வகுத்துப் பார்த்தால் வேகம் மணிக்கு நாலரைக் கிலோமீற்றர் அளவில் நிற்கும். எனது பாட்டனார் ஹட்டனுக்கு நடந்து சென்ற வேகமும் அதுவே! நாட்கூலியையே பெறும் குடும்பத்துக்கோ, கணவனும் மனைவியும் ஆண்டு முழுதும் உழைத்தாலும் அச்செலவுக்குப் போதாது. டர்போ இக்கணக்கில் எதையும் மாற்றுவதில்லை.

இக்கணக்கு என்னைச் சில நாட்கள் ஆட்டிவைத்தது. பின்னர் அதில் ஒரு குறையைக் கண்டேன். இலிச் எல்லா மணி நேரங்களையும் ஒரே எடையுடையனவாகக் கொள்கின்றார். வாழ்க்கை அவ்வாறு எடை போடுவதில்லை. பிரசவ வேதனையில் ஒருத்தி துடிக்கும் இரவில் மிச்சமாகும் ஒரு மணி, வெயிற்காலத்து ஞாயிறு மாலையில் மிச்சமாகும் நூறு மணிகளிலும் கனமானது. கொழுந்து லொறியில் சாக்குகளின்மேல் கிடத்தப்பட்டு வைத்தியசாலைக்குச் சென்ற தாய்மாரைத் தோட்டங்களில் அறியாதார் இல்லை. சராசரி எடுக்கும் அறிவு அந்த ஒரு மணியைக் காணாது. ஆகவே காரின் பயனை அதன் மொத்த ஓட்டத்தைக் கொண்டு அளத்தல் பிழை. மிக வேண்டிய நேரத்தில் அது எங்கே நின்றது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். இவ்விடத்தில் நான் என் காருக்குச் சார்பாக வாதம் கண்டுவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அவ்வாதம் எனக்கு எதிராகவும் திரும்பக் கூடியது என்பது அப்போது தெரியவில்லை.

இதனிடையே மானம் பற்றியும் ஒரு சொல். 1899 இல் வெப்லன் என்னும் பொருளியலறிஞர், செல்வர் பலவற்றை வாங்குவது பயனுக்காக அன்று, பிறர் காண்பதற்காகவே என எழுதினார். அவர் கூற்று பெருமளவு உண்மை. இந்தியாவில் ரத்தன் டாட்டா, மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்தைக் கண்டு எழுந்த எண்ணத்தால் ஒரு இலட்சம் ரூபாக் காராக நானோவை 2008 இல் அறிமுகம் செய்தார். பத்தாண்டுகளில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. உலகிலேயே மலிவான கார் என்ற பெயரே அதற்கு இழுக்காயிற்று. ஏழை என்று ஊரறியச் சொல்லும் வண்டியில் ஏற ஏழைக்கே விருப்பமில்லை. எனினும் இதனை வீண் பகட்டு என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. வீதியோரம் ஒதுங்கி நின்றவரின் பேரன் வீதியின் நடுவே செல்ல விரும்புவதை வெப்லனின் சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது. தோட்டத்து மக்களிற் பெரும்பாலோருக்கு வசிக்கும் லயத்துக்கு உறுதி இல்லை; நிலம் இல்லை. வாகனப் பதிவுச் சான்றிதழே தம் பெயர் அச்சாகிய முதல் உடைமைப் பத்திரம் என்று இருப்பவர் பலர். லீசிங்கில் வாங்கிய எனது சான்றிதழில் என் பெயருக்குக் கீழே முழு உரிமையாளர் என்று நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கின்றது. சட்டம் சில வேளைகளில் தத்துவாசிரியரிலும் நேர்மையாகப் பேசுகின்றது.

உடைமை பற்றி அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு நடுவழியைக் காட்டுகின்றார். பொருள் தனியாரிடம் இருக்கட்டும், பயன் பொதுவாகட்டும் என்பது அவர் கொள்கை. ஸ்பார்ட்டா நகரத்தார் ஒருவர் குதிரையை மற்றவர் தமதுபோற் பயன்படுத்தியதை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அக்காலத்துக் குதிரையே இக்காலத்துக் கார் ஆதலால் இவ்வெடுத்துக்காட்டு நமக்கு வெகு அண்மையது. (அதே வரியில் அடிமைகளையும் அவர் சேர்த்துச் சொல்வதை மறைத்தல் முறையாகாது. பொதுவில் பகிரப்பட்ட உடைமைகளுள் மனிதரும் இருந்தனர். கூலிகள் என்று கப்பற் பட்டியலில் எழுதப்பட்டோரின் சந்ததிக்கு இது எளிதில் மறக்கக் கூடியதன்று.) வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் உதவும் இயல்புடையோன் செல்வத்துக்கு ஊருணியையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், மருந்து மரத்தையும் உவமை காட்டுகின்றார். அவ்வுவமைகளில் என்னை நெடுநேரம் நிறுத்தியது ஊருணிதான். குளத்துக்கு உரியவர் ஒருவர் இருக்கலாம். ஆனால் தாகம் எடுத்தவன் கரைக்கு வரும்போது அவன் அனுமதி கேட்பதில்லை. நீரில்லை என்று ஊருணியும் பொய் சொல்வதில்லை.

2022 யூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. யூலை முதல் வாரத்தில் என் காரில் ஏறத்தாழ ஆறு லீற்றர் பெற்றோல் இருந்தது. எனது தாயாருக்கு அடுத்த கிழமை கண்டியில் சிகிச்சை நாள். அதற்கென அதனைக் காத்து வைத்திருந்தேன். ஓரிரவு ஒரு மணியளவில் மேல் லயத்து இளைஞர் ஒருவர் கதவைத் தட்டினார். மனைவிக்கு வலி கண்டுவிட்டது. வைத்தியசாலை வண்டிக்குச் சொல்லியும் காத்திருக்க மனம் வரவில்லை.

“மாஸ்டர், காரு கெடைக்குமா? டிக்கோயா வரைக்கும்.”

“பெற்றோல் இல்லையே தம்பி” என்றேன்.

அவர் ஒரு கணமும் ஐயுறவில்லை. “சரி மாஸ்டர், நீங்க படுங்க” என்று சொல்லி இருளில் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் முச்சக்கர வண்டியொன்றின் ஓசை கேட்டது. அதன் ஓட்டுநர் போத்தலில் வைத்திருந்த இரண்டு லீற்றரை ஊற்றிப் புறப்பட்டார் என்றும், திரும்பி வருவதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை, வண்டியை வழியில் விட்டுவிட்டு விடியற்காலையில் நடந்தே வந்தார் என்றும் பின்னர் அறிந்தேன். குழந்தை நலமாகப் பிறந்தது. தாயும் நலம். கண்டிச் சிகிச்சைக்கும் எனது பெற்றோல் தேவைப்படவில்லை. மரக்கறி ஏற்றிச் சென்ற லொறிக்காரர் ஒருவர் தாமே கேட்டு, அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு போனார்.

தாயின் தேவையை முன்வைத்தல் பிழையா என்று கேட்பீர்களாயின், இல்லை என்றே நினைக்கின்றேன். பெற்ற தாய்க்கும் அயலவருக்கும் ஒரே கடமை என்று வாதிப்பவர்களை நான் நம்புவதில்லை. எனினும் அன்றிரவு நான் செய்தது தேர்வு அன்று. தேர்ந்திருந்தால், பெற்றோல் இருக்கின்றது, அது அம்மாவுக்கு வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அவரும் தமது பக்கத்தைச் சொல்லியிருப்பார். இருவரும் சேர்ந்து ஏதேனும் ஒரு வழி கண்டிருக்கவும் கூடும். போகவர நாற்பது கிலோமீற்றருக்கு மூன்று லீற்றர் போதும், மீதி மூன்று எஞ்சும் என்னும் கணக்கை நான் போட்டதே மறுநாள் காலையில்தான். பொய் சொன்னதன் மூலம் அவருடைய பக்கம் பேசப்படுவதற்கே நான் இடம் வைக்கவில்லை. விளைவு நன்றாக முடிந்தமையால் பொய் சிறுத்துவிடுமா? முச்சக்கர வண்டி புறப்படாதிருந்தால் அதே சொற்கள் என்னவாகியிருக்கும்? நற்பேறு வேறொருவரின் இரண்டு லீற்றரில் இருந்து வந்தது. என் செயலில் இருந்து வரவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அதற்குள் எரிபொருள் பங்கீட்டு அட்டை வந்துவிட்டது. காரிலேயே போனேன். அந்த இளைஞர் நாற்காலி எடுத்துப் போட்டு, அருகிலிருந்த உறவினரிடம், “அன்னைக்கி மாஸ்டர் கிட்டயும் பெற்றோல் இல்லாமப் போச்சி, பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு” என்றார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். முச்சக்கர வண்டி ஓட்டுநரும் அங்கிருந்தார். அவர் என்னைப் பார்த்தாரா, நான்தான் அப்படி எண்ணிக்கொண்டேனா என்று சொல்ல முடியாது.

இன்று வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. குழந்தை இப்போது பாலர் பாடசாலைக்குச் செல்கின்றது. மழை நாட்களில் வழியில் கண்டால் ஏற்றிக்கொள்கின்றேன்; முன்னிருக்கையில் அமர்ந்து, இன்னும் வேகமாகப் போகச் சொல்கின்றது.